பாலத்தைக் கண்டோம், கட்டியவரைக் கண்டோமா?

போர் ஓய்ந்தபின் அதன் வரலாற்றை உலகுக்கு உரைப்போர் இருவகையினர். ஆவணங்களைத் தேடிப் படித்து நூல் எழுதுவோர் ஒருவகையினர். அப்போரைக் கதையாக்கித் திரையிலே காட்டுவோர் மற்றொரு வகையினர். நூலைப் படிப்போர் ஆயிரவரெனில் படத்தைப் பார்ப்போர் கோடிக்கணக்கினர். ஆதலால், போர்க்களத்தையே கண்டறியாத தலைமுறையினரின் மனத்திலே போர் என்றவுடன் தோன்றுவது பெரும்பாலும் திரையிற் கண்ட காட்சியே. திரையிலே முகம் பெற்றவர் நினைவிலும் இடம் பெறுகின்றனர். திரைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் காலப்போக்கில் வரலாற்றுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவராகின்றனர்.

இவ்வுண்மையைச் சோதித்து அறிவதற்கு நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. களனி கங்கையின் கரையிலுள்ள கித்துல்கலைக்குச் சென்றால் போதும். உலகப் புகழ்பெற்ற போர்ப் படங்களுள் ஒன்றான ‘குவாய் நதிப் பாலம்’ அங்கேதான் உருவாயிற்று.

எமது மண்ணில் எடுத்த படம்

பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலை அடிப்படையாகக் கொண்டு, டேவிட் லீன் இப்படத்தை நெறிப்படுத்தினார். தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல். 1957ஆம் ஆண்டில் வெளியாகிய இப்படம், சிறந்த படம், சிறந்த நெறியாளர், சிறந்த நடிகர் என்பன உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கும் காட்சியை 1957 மார்ச்சு மாதத்தில் எடுக்க முற்பட்டபோது, அதனைப் பார்ப்பதற்கு அக்காலப் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் வந்திருந்தார். கதையில் வரும் இராணுவ வைத்தியசாலை கல்கிசை ஹோட்டலிலே படமாக்கப்பட்டது. இன்றும் உல்லாசப் பிரயாணிகள் கித்துல்கலைக்கு வந்து, பாலம் நின்ற இடத்தைப் பார்த்துச் செல்கின்றனர். இவற்றையெல்லாம் எண்ணி நாம் பெருமை கொள்வது இயல்பே.

கதையைச் சுருங்கக் கூறுவோம். யப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் படைப்பிரிவு ஒன்று சயாமிய வனத்தினூடே கொண்டுவரப்படுகிறது. அதன் தலைவர் கேணல் நிக்கல்சன். இப்பாத்திரத்தை ஏற்றவர் அலெக் கின்னஸ். சிறைக்கூடத்தின் அதிபதி கேணல் சைட்டோ; இவராக நடித்தவர் செசு ஹயகாவா. அதிகாரிகளும் உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்கிறார் சைட்டோ. அது சர்வதேச விதிக்கு மாறானது என மறுத்துக் கொடுந்தண்டனையை ஏற்கிறார் நிக்கல்சன். ஈற்றில் சைட்டோ பணிகிறார். வென்ற நிக்கல்சனோ, பிரித்தானியரின் திறமையை நிலைநாட்டும் ஆவேசத்தில், பகைவனுக்குப் பயன்படும் பாலத்தை முன்னின்று செவ்வனே கட்டி முடிக்கிறார். அதைத் தகர்க்க இன்னொரு குழு வனத்தினூடே வருகிறது. கடமையுணர்ச்சி எந்த எல்லையில் மடமையாக மாறுகிறது என்பதே படம் எழுப்பும் வினா. ஆழமான வினா, அரிய நடிப்பு, கண்ணைக் கவரும் காட்சியமைப்பு. இது சிறந்த கலைப்படைப்பு என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆயினும் இன்னொரு வினாவையும் நாம் எழுப்ப வேண்டியிருக்கிறது. அந்தப் புகையிரதப் பாதையை உண்மையிற் கட்டியவர் யாவர்?

மரண ரயில்

யப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றிய பின்னர், கடல்வழியாகச் சென்ற அதன் கப்பல்கள் நேச நாட்டாரின் தாக்குதலுக்கு ஆளாயின. ஆகவே சயாமிலுள்ள பான்பொங் என்னுமிடத்திலிருந்து பர்மாவிலுள்ள தன்பியூசயாத் வரைக்கும் தரைவழியாக ஒரு புகையிரதப் பாதை அமைக்க யப்பானியர் முடிவு செய்தனர். அதன் நீளம் ஏறக்குறைய 415 கிலோமீற்றர். மலையும் பெருங்காடும் சூழ்ந்த இப்பாதையின் வேலை 1942ஆம் ஆண்டில் ஆரம்பமாகி 1943 ஒக்டோபரில் முடிவுற்றது.

இவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்ட போர்க் கைதிகள் 60,000க்கும் அதிகமானோர். பிரித்தானியர், ஒல்லாந்தர், அவுஸ்திரேலியர், சிறுதொகையான அமெரிக்கர் ஆகியோர் இவர்கள். இவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மடிந்தனர். படத்திற்குப் பின்னணியாக அமைந்தது இவர்களுடைய துயரமே.

ஆனால் அங்கு உழைத்தவருட் பெரும்பான்மையினர் கைதிகளல்லர். மலாயா, பர்மா, யாவா முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சம் அளவினர் எனக் கணக்கிடப்படுகிறது. இவர்களுள் மடிந்தவர் 80,000க்கும் 100,000க்கும் இடைப்பட்ட தொகையினர் என்பது மதிப்பீடு. கைதிகளுள் இறந்தோரின் தொகையினும் இது பன்மடங்கு. மலாயாவிலிருந்து சென்றோருட் பெரும்பகுதியினர் றப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழர். மலேசியத் தமிழர் இப்பாதையைச் ‘சயாம் மரண ரயில்’ என்றே இன்றுவரை வழங்குவர்.

அவர்கள் அங்குச் சென்றது எங்ஙனம்? போரினால் றப்பர் வாணிகம் முடங்கித் தோட்டங்களில் வேலை அருகியது, வயிறோ அருகவில்லை. நல்ல கூலி, நல்ல உணவு, குறுகிய காலத்து வேலை என்று ஆசை காட்டியபோது பலர் நம்பிச் சென்றனர். குடும்பத்தோடு சென்றோரும் உளர். சென்றவர் திரும்பாமையைக் கண்டு மற்றையோர் பின்வாங்கவே, பிடித்துச் செல்லும் வழக்கம் தலைப்பட்டது. இலவசமாகப் படம் காட்டுவதாக மக்களை அழைத்து, கொட்டகை நிரம்பியதும் கதவைப் பூட்டி, உள்ளே இருந்தோரை அப்படியே புகையிரதத்தில் ஏற்றினர் என்ற செய்தியும் அக்காலத்தோர் எழுதிய குறிப்புகளிற் காணப்படுகிறது. திரையைக் காணச் சென்றவர் சயாமியக் காட்டைச் சென்றடைந்தனர். பின்னாளில் அக்காட்டின் கதை திரைக்கு வந்தபோது அவர்கள் அதில் இல்லை.

அவர்களுக்கு நேர்ந்த சாவு கைதிகளின் சாவைக் காட்டிலும் மிகுந்தமைக்குக் காரணம் உண்டு. கைதிகளிடத்தே இராணுவ ஒழுங்கு இருந்தது. தமக்காக வாதாட அதிகாரிகள் இருந்தனர். மருந்து இல்லாவிடினும் வைத்தியர் இருந்தனர். குடிநீரைக் கொதிக்கவைத்தல், மலசலகூடத்தைத் தள்ளி அமைத்தல் முதலிய சுகாதார விதிகளை நடைமுறைப்படுத்தக்கூடியவர் இருந்தனர். தோட்டத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு இவற்றுள் ஒன்றேனும் இல்லை. 1943ஆம் ஆண்டு மழைகாலத்தில் வாந்திபேதி பரவியபோது கூட்டங்கூட்டமாக மடிந்தனர். தொழிலாளர் முகாம்களின் நிலை எல்லைமீறவே, சிங்கப்பூரிலிருந்து கைதிகளான வைத்தியக் குழுக்களையே யப்பானியர் அங்கு அனுப்ப நேர்ந்தது.

விடுபட்டது ஏன்?

இத்துணைப் பெரிய கூட்டம் படத்தின் கதையில் இடம்பெறவில்லை. சயாமியப் பெண்கள் நால்வர் சுமைதூக்கிகளாக வருகின்றனர். வழிகாட்டி ஒருவர் வருகிறார். ஆயின் பாதையைக் கட்டிய தொழிலாளருள் ஒருவராயினும் பெயரும் குரலும் உடைய பாத்திரமாக வரவில்லை. பார்ப்போர் அப்பாதை பிரித்தானியக் கைதிகளால் மட்டுமே கட்டப்பட்டது என எண்ணுவரேயானால் அது அவர்தம் குற்றமன்று.

இதில் வியப்பிற்குரியது ஒன்றுண்டு. மூலநாவலை எழுதிய பியேர் பூல், போருக்கு முன்னர் மலாயாவில் றப்பர்த் தோட்டத்திற் பொறியியலாளராகக் கடமையாற்றியவர். றப்பர் மரத்தில் பால் வெட்டிய தமிழரை அவர் கண்டிராதிருக்க இயலாது. இருந்தும் அவருடைய கதை, ஐரோப்பிய அதிகாரி ஒருவரின் அகந்தையைப் பற்றியதாக அமைந்தது. ஒரு கதை எல்லாரையும் பற்றியதாக இருத்தல் முடியாது என்பதை நாம் அறிவோம். ஆசிரியர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார். படத்தயாரிப்பாளரோ தமது படத்தைப் பார்க்க வருவோரின் முகத்தை ஒத்த முகத்தையே கதாநாயகனுக்குத் தேடுகிறார். இங்கே ஒருவர் தீய எண்ணத்தோடு செயற்பட்டார் என நாம் கூறவில்லை. தீய எண்ணம் எதுவுமின்றியே ஒரு கூட்டம் மறைந்துபோகலாம் என்பதுதான் அஞ்சத்தக்கது.

முகம் பெற்றவருக்கும் நியாயம் கிட்டியது எனக் கூறுதல் இயலாது. உண்மையில் தமர்க்கான் முகாமிலே பாலம் கட்டிய கைதிகளின் தலைவர் பிலிப் டூசி என்னும் லெப்டினன்ட் கேணல். அவர் பகைவனுக்கு மனமுவந்து உதவியவரல்லர். தம் வீரரின் உயிரைக் காக்கும் அளவுக்கு வேலை நடத்தி, மறைவில் வேலையைக் கெடுக்கவும் இடமளித்தவர். மரப்பாலத்திற் கறையானைக் கொண்டுவந்து விட்டதும் சீமெந்துக் கலவையைப் பிழையாகக் கலந்ததும் அவருடைய வீரர் செய்த காரியங்கள். நிக்கல்சன் பாத்திரத்தைக் கண்டு, உயிர் தப்பி வந்த கைதிகள் பலர் மனம் நொந்தனர். யப்பானியப் பொறியியலாளர் பாலங்கட்டத் தெரியாதவர் எனக் காட்டியதும் உண்மைக்கு மாறானதே.

எனினும் படத்தின் வலிமையைப் பாருங்கள்! உண்மைப் பாலம் நின்ற ஆற்றின் பெயர் மேகுலோங். படம் பார்த்துவிட்டு வந்த பிரயாணிகள் ‘குவாய்’ நதியைத் தேடித் திரிந்தனர். ஆகவே 1960ஆம் ஆண்டளவிற் பாலமிருந்த பகுதியின் ஆற்றுக்குக் ‘குவாய் யாய்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. ஆற்றின் பெயரையே மாற்றவல்ல படத்துக்கு மனிதரின் நினைவை மாற்றுதல் அரிதோ?

விடுபட்டோரின் சினம்

“விடுபட்டால் என்ன? கதைதானே!” என்று கேட்போர் உளர். அவர்களுக்கு விடை பிரித்தானியரிடத்திலேயே இருக்கிறது.

1945ஆம் ஆண்டில் ‘பர்மா இலக்கு’ என நாம் தமிழிற் கூறத்தக்க ஓர் அமெரிக்கப் படம் வெளிவந்தது. நெறியாளர் ராவுல் வால்ஷ். கதாநாயகன் எரல் பிளின். இலண்டனில் அப்படம் திரையிடப்பட்டதும் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. பர்மாவில் இரத்தஞ் சிந்தியவர் பிரித்தானியப் படையினராக இருக்க, அமெரிக்கரே அந்நாட்டை மீட்டதுபோலக் காட்டுவதா என்பது அவர்களது முறையீடு. ஏறக்குறைய ஒரு வாரத்தில் படம் மீட்டுக்கொள்ளப்பட்டது. 1952ஆம் ஆண்டில், பிரித்தானியரின் பங்கை ஏற்கும் முன்னுரையோடுதான் மீண்டும் திரைக்கு வந்தது.

அச்சினம் நியாயமானதே. தம் மைந்தரை இழந்த தாய்மார் திரையில் அவர்களது நிழலையேனும் தேடுவர் அன்றோ? ஆயின் பர்மாவிற் போரிட்ட பிரித்தானியப் பதினான்காவது படையிற் பெரும்பான்மையினர் இந்தியர்; மேற்கு ஆபிரிக்கரும் கிழக்கு ஆபிரிக்கரும் தனித்தனிப் படைப்பிரிவுகளாக அங்கே நின்றனர். இவர்களும் தாய் வயிற்றிற் பிறந்தவர்களே. இவர்களை விடுத்த பிரித்தானியப் படங்களைக் கண்டு கொதித்தெழ, இலண்டன் பத்திரிகைகளைப் போன்ற வலிய குரல் அவர்களுக்கு அப்போது இருக்கவில்லை. விடுபடுதல் யாவர்க்கும் வலிக்கிறது. ஆனால் சிலரது வலியே உலகின் செவிக்கு எட்டுகிறது.

கதவு திறந்த படங்கள்

பழைய போர்ப் படங்கள் யாவும் இவ்வாறே அமைந்தன எனக் கூறுவது தவறாகும். 1943ஆம் ஆண்டில் வெளியான ‘பற்றான்’ என்னும் அமெரிக்கப் படத்தில், தனித்து நின்று போராடும் சிறு குழுவில் கறுப்பினப் போர்வீரர் ஒருவரும் மற்றையோரோடு சமமாக நின்றார். அவராக நடித்தவர் கென்னத் ஸ்பென்சர். அமெரிக்க இராணுவத்திலோ அக்காலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் வேறு வேறு பிரிவுகளிலேயே வைக்கப்பட்டிருந்தனர். அப்பிரிவினையை நீக்கும் கட்டளையை ஜனாதிபதி ட்ரூமன் பிறப்பித்தது 1948ஆம் ஆண்டிலேதான். சட்டம் செய்யாததைத் திரை ஐந்தாண்டு முன்னரே செய்து காட்டியது.

1949ஆம் ஆண்டில் வெளியான ‘வீரர் இல்லம்’ என்னும் கருத்துடைய படம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. பகைவனின் குண்டினும் தன் தோழரின் இனவெறுப்பே ஒரு கறுப்பின வீரனை முடமாக்கியதை அது எடுத்துரைத்தது. அதன் திரைக்கதையை எழுதிய கார்ல் போர்மன் என்பவர்தாம் பின்னர்க் ‘குவாய் நதிப் பாலம்’ கதையையும் திரைக்கு ஏற்ப எழுதத் தொடங்கினார். அவருக்கும் அவருக்குப் பின் அதனை எழுதிய மைக்கல் வில்சனுக்கும் நேர்ந்த கதி கேளுங்கள். பொதுவுடைமைச் சார்பினர் என ஐயுற்று ஹொலிவூட் இவர்களை ஒதுக்கியிருந்தமையால், இருவர் பெயரும் திரையில் இடம்பெறவில்லை. ஆங்கிலத்தில் எழுதாத பியேர் பூலுக்கே திரைக்கதைக்கான ஒஸ்கார் போயிற்று. 1984ஆம் ஆண்டிலேயே அவ்விருவருக்கும் உரிய விருது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது வழங்கப்பட்டபோது இருவரும் உயிருடன் இலர். தொழிலாளரை மறந்த படம் தன்னை எழுதியவரையும் மறைத்திருந்தது!

இன்னுமொரு பக்கமும் உண்டு. போர்க்காலத்து அமெரிக்கப் படங்களில் யப்பானியர் பெரும்பாலும் இரக்கமற்ற பேய்களாகவே சித்திரிக்கப்பட்டனர். அமெரிக்காவில் வாழ்ந்த யப்பானிய வமிசத்தினர் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்தமையால், சீன வமிசத்து நடிகரே அப்பாத்திரங்களை ஏற்றனர். 1951ஆம் ஆண்டில் வந்த ‘கோ போர் புரோக்’ என்னும் படம், அமெரிக்காவுக்காக ஐரோப்பாவிற் போரிட்ட யப்பானிய வமிசத்துப் படைப்பிரிவின் வீரத்தைக் காட்டியது. அப்படையிற் சேவித்தவர் சிலரே அதில் நடித்தனர். ‘குவாய் நதிப் பாலம்’ படத்திலும் கேணல் சைட்டோ வெறும் பேயாக இல்லை. மானமும் அச்சமும் உடையவராய், தனிமையிற் கண்ணீர் விடும் மனிதராய் அவரைக் காண்கிறோம். ஹயகாவாவின் பெயர் ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டதும் அதனாலன்றோ? பகைவனுக்கு மனித முகம் தந்தது அப்படத்தின் பெருமை. தன் பக்கத்தே கிடந்து மடிந்த கூலியாளுக்கு அம்முகத்தைத் தராதது அதன் குறை. பெருமையையும் குறையையும் சேர்த்தே நாம் காண வேண்டும்.

திரையாற் கிடைத்த நீதி

முகம் பெறுவதனால் விளையும் பயன் யாது? வெறும் மனத்திருப்தி மட்டுமா? பிரான்சு நாட்டில் நிகழ்ந்ததை நோக்குவோம். இரண்டாம் உலகப்போரில் அந்நாட்டுக்காகப் போரிட்ட அல்ஜீரியர், மொறொக்கர் முதலிய குடியேற்ற நாட்டு வீரரைப் பற்றி ரசீத் பூசாரப் என்னும் நெறியாளர் 2006ஆம் ஆண்டில் ஒரு படம் வெளியிட்டார். ‘சுதேசிகள்’ என்னும் பொருள்பட அமைந்த அதன் பெயர், அவ்வீரரை அக்காலப் பிரெஞ்சுக்காரர் அழைத்த சொல்லே. அவ்வீரரின் நாடுகள் சுதந்திரம் பெற்ற காலத்திலிருந்து அவர்களது ஓய்வூதியம் உயராது தடுத்து வைக்கப்பட்டிருந்தது. ஒரே அகழியிற் கிடந்து போரிட்ட பிரெஞ்சு வீரர் பெற்றதில் ஒரு சிறு பங்கே அவர்களுக்குக் கிடைத்தது. படம் வெளியான அதே ஆண்டில், அவ்வேற்றுமையை நீக்குவதாகப் பிரெஞ்சு அரசாங்கம் அறிவித்தது. அரை நூற்றாண்டாக மனுக்கள் சாதிக்காததை, ஓரிரு மணி நேரக் காட்சி சாதிக்க உதவிற்று. வீரர் பலர் அதற்குள் மாண்டுபோயினர் என்பது வேறு.

சயாமுக்குப் போன எம்மவருக்கு அத்தகைய உதவி கிட்டவில்லை. தாய்லாந்தில் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்திலே ஏறக்குறைய 7,000 கைதிகள் வரிசை வரிசையாகத் துயில்கின்றனர். பெயர் தெரிந்தவர் கல்லில் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. புல் வெட்டி, பூச்செடி வளர்த்துப் பேணுகின்றனர். அது போற்றத்தக்க பணி. ஆனால் அவர்களினும் பன்மடங்கு தொகையினரான தொழிலாளருக்கு அவ்வாறு பெயர் பொறித்த கல்லறை இல்லை. இறந்தோரின் பெயர்ப்பட்டியலை எழுதிவைக்க அவர்களுக்கு எழுதுவினைஞர் எவரும் இருக்கவில்லை.

பாலத்திற்கு அண்மையில் ஒரு நினைவுத்தூண் உண்டு. 1944ஆம் ஆண்டிலே, வேலை வாங்கிய யப்பானியப் படையினரே இறந்தோர் நினைவாக அதனை எழுப்பினர். அதிற் பல மொழிகளிற் பொறித்த வாசகங்களுள் தமிழும் ஒன்று. கொன்றவரே கொல்லப்பட்டவரின் மொழியைக் கல்லில் எழுதினர். அவர்களை ஆண்டவரின் படமோ அம்மொழியின் ஒலியைக்கூட உலகுக்குக் கேட்பிக்கவில்லை. பிற்காலத்தில் மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற பெயரிலேயே நாவல் எழுதி அக்குறையை ஓரளவு போக்கினார்.

மலாயாத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரும் எமது மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தமிழரும் ஒரே தமிழகத்து ஊர்களிலிருந்து, ஒரே கங்காணிமாரின் பின்னால் புறப்பட்டவர்களே. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் மலாயாவில் உத்தியோகம் பார்த்து, யப்பானியர் காலத்தை அங்கே கழித்த பெரியோர் இருந்தனர். கித்துல்கலையில் எழுந்த பாலமும் இலங்கைத் தொழிலாளரின் கைகளாலும் யானைகளின் துணையாலும் எழுந்ததே. அக்கைகளையும் நாம் திரையிற் காணவில்லை.

ஆகவே மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நாம் கூற விரும்புவது இது: பழைய போர்ப் படங்களை வெறுத்து ஒதுக்காதீர்கள். அவற்றைக் குடும்பமாக அமர்ந்து பாருங்கள். நல்ல நடிப்பைச் சுவையுங்கள். பார்த்து முடிந்ததும் பிள்ளைகளிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இப்போரில் வேறு யார் யார் இருந்தனர்? அவர்களை ஏன் இங்கே காணவில்லை? அவர்களைப் பற்றி அறிய எந்த நூலை எடுக்கலாம், எந்தப் பெரியவரைக் கேட்கலாம்? விடை தேடும் பிள்ளை வரலாறு கற்கிறது. அயலவரின் படத்தில் எம்மவர் விடுபட்டதை உணர்ந்த பிள்ளை, எமது கதைகளிலும் படங்களிலும் யாரை நாம் விடுகிறோம் என்று நாளை கேட்கும். அவ்வினா எமக்குச் சற்று உறுத்தலாக இருக்கும்; இருந்தாலும் கேட்கவிட வேண்டும்.

கித்துல்கலையில் இன்று பாலம் இல்லை. அதன் அடித்தளத்தின் எச்சங்களே உண்டு. அங்குச் செல்வோர் படத்தில் நடித்தோரை நினைந்து மகிழ்க. அதனோடு, சயாமியக் காட்டில் மழைக்கும் நோய்க்கும் இரையாகிப் பெயரின்றிப் புதையுண்ட அந்தத் தொழிலாளரையும் ஒரு கணம் நினைந்து மீள்க.